யார் நடந்து போய்ச் சொல்வது?

நாம் செய்தி வாசிக்கும் இந்த அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மைக் எந்தக் கம்பெனிங்க?" என்றுதான். கீழே மோட்டார் காயில் கட்டும் கடை. கட்டி முடித்து மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது நம் மேஜையே அதிரும். எந்தக் கம்பெனி மைக் வைத்தாலும் அந்தச் சத்தமும் சேர்ந்துதான் மலாவிக்கும் ருவாண்டாவுக்கும் போகப்போகிறது. ஆகையால் மைக்கைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எடிட்டிங்கோ, நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்கள் முடித்துவிடுவீர்கள்.

இந்த மாதத்தோடு நான் கிளம்புகிறேன். உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி வாசித்து ஒருமுறை ஓய்வு பெற்றேன். இது இரண்டாவது ஓய்வு. மூன்றாவதாக ஒன்று கொடுக்க யாரும் கிளம்பி வரமாட்டார்கள் என்று நம்புகிறேன். போவதற்கு முன் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதி வைக்கிறேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். தயவுசெய்து ஓட்டமாக ஓட்டாதீர்கள்.

இதை ஆரம்பித்தது ரூத். மலாவிப் பெண். பார்மசி படிக்க வந்து பெரம்பலூரில் என் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இங்கே வந்து படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஊரே பேசும். அவர்களிடம்தான் யாரும் பேசுவதில்லை. கடையடைப்பு அன்று காலையில் பையும் கையுமாக பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். கல்லூரி தனக்கு வேண்டியதை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டும். மற்றதெல்லாம் வதந்திதான். "அம்மா, நீங்க ஊர்ச் செய்தி சொல்லுங்க, நான் எங்க பாஷையில வாசிக்கறேன்" என்றாள் ரூத். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, வாட்ஸப்பில், சின்னதாக ஓர் ஒலிச்செய்தி. அவ்வளவுதான் எங்கள் நிறுவனம்.

எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மக்காச்சோளம். பெரம்பலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளக் காடு. இவர்கள் ஊரில் அந்த மாவைக் கிண்டினால்தான் சோறு. ஆனால் இங்கே மில்லில் போய்க் கொடுத்தால், "எத்தன கோழி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். மனிதர் சாப்பிடுகிற மாதிரி சலித்து அரைத்துத் தரும் ஒரு மில்லைத் தேடிப் பிடித்துச் செய்தியில் சொன்னோம். மறுநாளே அங்கே வரிசை. மில்காரர் எனக்குப் போன் போட்டு, "ஏங்க்கா, இத்தன வருஷமா ஒரு நாட்டுச் சாப்பாட்டையா நான் கோழிக்கு அரைச்சுக் கொடுத்தேன்?" என்று வருத்தப்பட்டார்.

கொஞ்சம் பெயர் வந்ததும் ஒரு கல்லூரி நிர்வாகம் ஏ.சி. அறை தருகிறோம், அங்கேயே வந்து வாசியுங்கள் என்றது. ரூத் வேண்டாம் என்றுவிட்டாள். "அவங்க ரூம்ல உக்காந்துட்டு அவங்களப் பத்தி எப்படிம்மா பேசறது?" என்றாள். சித்திரை வெயிலில் இந்தத் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள்மேல் கோபமாகத்தான் வந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிய எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

லிம்பானி எங்களுக்குக் கால்பந்துச் செய்தி வாசித்த பையன். அவனும் மலாவிதான். பெரிய ஏரிக்கரை ஊர்க்காரன். அப்பா ஏரியில் மீன் பிடிப்பவர். வாசித்து முடித்ததும் கடைசியில் தன் மொழியில், "அம்மா, நான் சாப்பிட்டுவிட்டேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வான். செய்தியில் சொந்தக் கதை கூடாது என்று நான் திட்டுவேன். "சரிங்கம்மா" என்பான். மறுநாளும் சொல்வான். அந்த ஒரு வரிக்காகவே அவன் அம்மா தினமும் நம் செய்தியைக் கேட்கிறாள் என்று ரூத் சொன்ன பிறகு நான் திட்டுவதை விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பிள்ளைகளை வார்டன் தனபால் திருமழபாடிக்குக் கூட்டிப் போயிருந்தார். தனபால் ஆண்டிமடத்துக்காரர். பார்க்க முரட்டு மீசையோடு இருப்பார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று அவர் சாப்பிடமாட்டார். கோயில் பார்த்து, கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டு, மத்தியானம் எல்லோரும் கொள்ளிடத்தில் இறங்கினார்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் நடுவில் மணல் எடுத்த பள்ளங்கள். நீச்சல் தெரிந்தவன் என்பதால் லிம்பானி எல்லோருக்கும் முன்னே போனான். பள்ளத்துக்குள் சுழல் அவனை இழுத்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கத்த, ஊர்க்காரர்கள் கயிற்றோடு ஓடி வந்து குதித்தார்கள். தனபாலும் குதித்தார். வெளியே தூக்கிப் போட்டபோது உயிர் இல்லை.

உடலை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு நானும் ரூத்தும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, பிணவறைக்கு எதிரே வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் தனபால் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் லிம்பானியின் போன். அவன் கரையில் கழற்றி வைத்த சட்டையோடு இருந்ததால் நனையவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா, அம்மா, அப்பா என்று மாறி மாறி. தனபால் எடுக்கவே இல்லை.

"வூட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்க்கா. அவங்கப்பாகிட்ட அப்பவே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல பேசிட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் செய்திக்காரர்கள் நின்றுவிடுவார்கள். குடும்பத்துக்குத் தெரியும், இனி வெளியிடலாம் என்று. நீங்கள் நிற்காதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்டேன்.

"என்னன்னு சொன்னீங்க தனபாலு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆத்துல விழுந்துட்டான், ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, வேண்டிக்கங்கன்னு சொன்னேன். எடுத்த எடுப்புல எப்படிக்கா சொல்றது? பெத்தவங்க இல்லையா?"

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. எங்கள் பக்கம் சாவுச் செய்தியைப் போனில் யாரும் சொல்வதில்லை. என் அப்பா இறந்தபோது திருச்சியில் இருந்த எனக்கு, "அப்பாவுக்கு லேசா முடியல, கெளம்பி வா" என்றுதான் சொன்னார்கள். பஸ் லால்குடி தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரைக்கும் அழுதேன். தெருமுனையில் பந்தலைப் பார்த்தபோது என் கால்கள் தாங்கின. அந்தப் பொய் எனக்கு அந்தப் பஸ் பயணத்தைக் கொடுத்தது. இன்றைக்கும் அது எனக்குச் செய்த உபகாரம் என்றுதான் நினைக்கிறேன்.

ஏரிக்கரையில் இருந்த அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு பஸ் இல்லை. கிளம்பி வர வழியில்லாதவளிடம், நம்பு என்று சொல்லியாகிவிட்டது. ரூத்துக்கு அதற்குள் ஊரிலிருந்து தகவல் வந்துவிட்டது: சர்ச்சில் ஜனங்கள் கூடி, பையன் பிழைக்க வேண்டும் என்று பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மணி ஐந்தரை தாண்டியிருந்தது. ஆறு மணிக்குச் செய்தி. உள்ளூர் வாட்ஸப் குழுக்களில் மணலில் கிடந்த உடலின் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் குழுக்களில் வேறு மாதிரி. ஊர்க்காரர்கள் அடித்து ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்று யாரோ ஒருவன் எழுத, அது பத்து ஊருக்குப் போயிருந்தது. எங்களுக்கு வந்த கேள்வி எல்லாம் ஒன்றுதான்: உண்மையா? நீங்கள் சொன்னால் நம்புகிறோம்.

எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். கேபிள் டிவிக்காரியின் ரத்தம். நாம் சொல்லாத ஒவ்வொரு நிமிஷமும் வதந்திக்குச் சோறு போடுகிறோம் என்று ரூத்திடம் சொன்னேன்.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள் ரூத். "ஆனா ஆறு மணி ஆனா அவங்க அம்மா போனை எடுத்துக் காதுல வைப்பாங்க. அவன் சாப்பிட்டானான்னு கேக்க. அங்க நம்ம குரல்ல இது வரக்கூடாதும்மா."

அந்த நேரத்தில் லிம்பானியின் கல்லூரி அலுவலகத்திலிருந்து எனக்குப் போன், ஏ.சி. அறை தருவதாகச் சொன்ன அதே கல்லூரி. பேசியவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "சிகிச்சை பலனில்லாம இறந்துட்டார்னு ஒரே வரியா போட்டுடுங்க மேடம். வார்டன் முன்னாடி சொன்னதோட ஒத்துப்போயிடும். இல்லேன்னா, பொய் சொன்னார்னு அவர் மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். பாவம், குடும்பஸ்தர்." நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். தனபாலிடம் அப்படியே சொன்னேன். அவர் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். அவருக்குத் தெரியாமல் நான் முடிவு செய்யக் கூடாது. கேட்டுக்கொண்டார்.

ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரியை நாங்கள் வாசித்திருப்போம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆறு மணியானது. ரூத் குழுவில் ஒரே ஒரு வாக்கியம் பதிவு செய்து போட்டாள்: "இன்றைய செய்தி தாமதமாக வரும், ஒரு வீட்டுக்கு ஒருவர் போய்ச் சேர வேண்டியிருக்கிறது." அவளிடமே கேட்டேன். யார் போகிறார்கள்? யாரையும் நாங்கள் அனுப்பவில்லையே! "ஆள் கிடைக்கணும்மா, தேடறேன்" என்று சொல்லிவிட்டுத் தெரிந்த எண்களை எல்லாம் அழைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தனபாலின் பையில் மறுபடியும் போன் அடித்தது. ரூத் எட்டிப் பார்த்தாள். இந்த முறை அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அமலூமே என்று பெயர் விழுந்தது.

"அண்ணா, இதைக் குடுங்க. அமலூமேன்னா மாமா. அம்மாகூடப் பொறந்தவரு. எங்க ஊர்ல கல்யாணமோ சாவோ, முதல்ல அவருக்குத்தான் போகணும். அவர்தான் வூட்டுக்கு வந்து உக்காந்து சொல்லணும்."

தனபால் நிமிர்ந்து பார்த்தார். "தாய்மாமனா?" என்றார். "அட, இதத் தெரிஞ்சிருந்தா நான் அப்பாகிட்டயே பேசியிருக்க மாட்டேனே. எங்களுக்கும் தாய்மாமன்தானே எல்லாத்துக்கும்."

ரூத் போனை எடுத்துத் தன் மொழியில் பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு அந்தப் பக்கம் பேச இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது. போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"மாமா நம்பல. மத்தியானம் உயிரோட ஆஸ்பத்திரில இருக்கான்னு சொன்னீங்க, இப்ப இல்லேன்னு சொல்றீங்க, நடுவுல அவனை என்ன பண்ணீங்கன்னு கேக்கறாரு. ஏரியில பொறந்த பிள்ளை, ஆத்துல எப்படி முழுகுவான், யாரு புடிச்சு அமுக்கினதுன்னு கேக்கறாரு."

யார் பேரிலும் தப்புச் சொல்ல முடியாத கேள்வி. நம் ஊரில் உபகாரமாக இருந்த வார்த்தை கடல் தாண்டிப் போய்க் கொலைச் சாட்சியாக மாறி நின்றது. கல்லூரி சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். சிகிச்சை கொடுத்தோம், பலிக்கவில்லை. தனபாலின் வேலையும் தப்பும். நான் தனபாலைப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அவர் எழுந்து நின்றார். மரியாதைக்காக எழுந்தாரோ என்னவோ. போனை வாங்கிக்கொண்டு தமிழிலேயே பேசினார். பக்கத்தில் நின்று ரூத் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஐயா, நான் வார்டன் பேசறேன். உங்க மருமவன் மத்தியானமே போயிட்டான்யா. ஆத்துலயே போயிட்டான். ஆஸ்பத்திரிக்கு வரும்போது உசுரு இல்ல. நான் சொன்னது பொய். எங்க ஊர்ல போன்ல அப்படித்தான் சொல்லுவோம், நேர்ல வந்த பொறவுதான் முழுசாச் சொல்லுவோம். நீங்க நேர்ல வர முடியாதுங்கிறது எனக்கு அந்த நேரத்துல தோணலய்யா. யாரும் அவனைத் தொடல. மணல் அள்ளின பள்ளம். ஊர்க்காரங்கதான் குதிச்சுத் தேடுனாங்க."

லைன் போய்விட்டதோ என்று ரூத் திரையைப் பார்த்தாள். பிறகு குரல் வந்தது.

"அவனைத் தண்ணியில இருந்து தூக்கினது யாருன்னு கேக்கறாரு."

"நானும் ரெண்டு ஊர்க்காரங்களும்."

"இப்ப அவன்கூட யாரு இருக்கான்னு கேக்கறாரு."

"நான் இருக்கேன்யா. வாசல்லயே இருக்கேன்."

"அங்கயே இருங்கன்னு சொல்றாரு. தங்கச்சி வூட்டுக்கு நடந்து போறாராம். போய் உக்காந்த பிறகு கூப்பிடுவாராம். அதுவரைக்கும் நம்ம வாயைத் திறக்க வேணாமாம்."

நாங்கள் திறக்கவில்லை. உள்ளூர்க் குழுக்கள் எல்லாம் திறந்துவிட்டன. "என்னங்க, உங்க செய்தி தூங்குதா?" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். கேபிள் டிவிக்காரியாக என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டியூப்லைட் எரிந்தது. ரூத் டீ வாங்கி வந்தாள். தனபால் குடிக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் எனக்குத் தெரியாத ஒரு மனிதர் எனக்குத் தெரியாத ஒரு பாதையில் நடந்துகொண்டிருந்தார். அவர் மெதுவாக நடக்கட்டும் என்றும் இருந்தது, சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்றும் இருந்தது.

போன் வந்தது. பின்னால் பெண்களின் அழுகை. மாமா ஒரே வார்த்தை சொன்னார். ரூத் எங்களுக்குச் சொன்னாள்: "உக்காந்துட்டாராம்."

வைப்பதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். அவருக்காக இல்லை, தங்கைக்காக. ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனபாலிடம் கேட்டாள்.

"அவங்க அம்மா கேக்கறாங்க அண்ணா. அவன் சாப்பிட்டிருந்தானா?"

"சாப்பிட்டாம்மா" என்றார் தனபால். அதுவரை அழாத மனிதர் அப்போதுதான் உடைந்தார். "புளிசாதம். ரெண்டாவது வாட்டியும் எங்கிட்டத்தான் வந்து வாங்கிக்கிட்டான். சொல்லு, வயிறு நெறயச் சாப்பிட்டான்னு சொல்லு."

அன்றைய செய்தியை அந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ரூத்தின் போனில் பதிவு செய்தோம். நாய் குரைப்பதும் ஆம்புலன்ஸும் உள்ளே விழுந்தன. நடந்ததை நடந்தபடி சொன்னோம். மணல் பள்ளத்தைச் சொன்னோம், குதித்த ஊர்க்காரர்களைச் சொன்னோம். குடும்பத்துக்கு முதலில் தவறாகச் சொல்லப்பட்டது என்பதையும் சொன்னோம். யார் சொன்னது என்று ரூத் எழுதவில்லை. தனபால் விடவில்லை. "எங்கொரல்லயே சொல்றேன். வேற யாரோ மறைச்சாங்கன்னு இருக்க வேணாம்" என்று போனை வாங்கித் தானே பேசினார். அடித்துக் கொன்றார்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு குழுக்களில் சுற்றத்தான் செய்தது. அதை ஏரிக்கரையில் இருந்து அடக்கியவர் மாமா. "அவனைத் தூக்கினவனோடு நான் பேசினேன்" என்று ஊரில் சொன்னாராம். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

கல்லூரி தனபாலை விடுதியிலிருந்து எடுத்துவிட்டது. அவர் ஆண்டிமடத்துக்குத் திரும்பி முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொள்கிறார். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "வேலை போனது வருத்தந்தான்க்கா, இல்லாம இருக்குமா?" என்றார். பூசி மெழுகாமல் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. நீங்களும் உண்மை சொன்னால் பரிசு கிடைக்கும் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், சேர்ந்த அன்றே உங்களிடம் நான் கேட்ட கேள்வி எதற்கென்று. உங்கள் வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லக்கூடிய ஆள் யார்? யார் போய் உட்கார்ந்தால் உங்கள் அம்மா தாங்குவாள்? அபசகுனம் என்று உங்களில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தீர்கள். சுளியுங்கள், ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டுச் சுளியுங்கள். நம் செய்தியைக் கேட்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆறு நாடுகளில் நமக்காக நடப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். லிம்பானியின் மாமா தன் ஏரிக்கரையில் எந்தப் பிள்ளைக்கும் தான் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அரியலூர்ப் பக்கம் தனபால். மைக்கை மாற்றுங்கள், அறையை மாற்றுங்கள், என் பெயரைக்கூட எடுத்துவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கும் ஆள் சொல்லி வைத்துவிட்டேன். என் ஒரே மகள் துபாயில் இருக்கிறாள். ரூத்துக்கும் படிப்பு முடிந்து அங்கேதான் மருந்துக்கடையில் வேலை. என் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. போன வாரம் பேசும்போது, "எனக்கு ஏதாவது ஆனா யாரும் போன்ல சொல்ல வேணாம், நீ நடந்து போ" என்றேன்.

சும்மா இருங்கம்மா என்று கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"சரிங்கம்மா" என்றாள் ரூத். "முதல்ல உக்காருவேன்."